தேதி போடாத கட்டு

திருவண்ணாமலைக்கு எல்லாரும் சாமி பார்க்கப் போவார்கள். நான் ஒரு கையெழுத்து வாங்கப் போனேன்.

அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் படிக்கிற மின்புத்தகமாக மாற்றுவோம். வாங்குகிறவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பன்னிரண்டு புத்தகங்களை மாதிரிக்காக ஒரு சி.டி.யில் போட்டு, அதைப் பல பிரதிகள் எடுத்து அங்கே அனுப்பியாகிவிட்டது. அடுத்து இணையத்தில் விற்க வேண்டும். அதற்குப் பதிப்பாளர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். பதினொரு பேர் தந்துவிட்டார்கள். பாக்கி ஒருவர், திருவண்ணாமலையில் இருக்கும் தணிகாசலம். போன் செய்தால், "நேர்ல வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்.

"கையெழுத்தோட வந்தா வேலை நிரந்தரம்" என்றார் மேனேஜர். இல்லாமல் வந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எங்கே போனாலும் கட்டை விரலைத்தான் நீட்டுவார்கள். அதனால் ஒரு கையெழுத்துக்காக என்னை வெளியூர் அனுப்புகிறார்கள் என்பதில் எனக்குக் கர்வம். இன்னொரு கர்வமும் இருந்தது. நாங்கள் முடித்த பக்கங்களை ஒரு புரோகிராம் சோதிக்கும். எங்காவது எழுத்து விட்டுப்போயிருந்தாலோ காலி இடம் இருந்தாலோ அந்தப் பக்கம் சிவப்பாகிவிடும். சிவந்த பக்கத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். ஆறு மாதத்தில் என் பக்கம் ஒன்றுகூடச் சிவந்ததில்லை.

ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பஸ் பஞ்சர். கடலைக் கொல்லை ஓரமாக எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். "பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது, இப்பவே நடக்கவுட்றியேப்பா" என்று ஒருவர் கண்டக்டரைக் கேட்டார். "புண்ணியம் ஜாஸ்தியா கெடைக்கும், நடங்க" என்றார் கண்டக்டர்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னார்குடிப் பக்கம் பிறந்த எனக்கு மலை பழக்கமில்லை. எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் வானம், குனிந்தால் வாய்க்கால். இங்கே எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முதுகில் அது இருப்பது தெரிந்தது. பஸ் வரும்போது வலது ஜன்னலில் இருந்த மலை, கொஞ்ச நேரத்தில் இடது ஜன்னலுக்கு வந்திருந்தது. ரோடு வளைகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்பது பேர். எனக்கு எதிரே மடியில் சாக்கு மூட்டையோடு ஒரு அம்மா. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மூட்டைக்குள் தகரச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை.

அந்த முகம் எனக்குத் தெரியும். என் பையிலேயே இருந்தது.

தணிகாசலத்தின் புத்தகம் முப்பத்திரண்டு பக்கம்தான். மலை சுற்றுகிறவர்களுக்கு வழியும், வழியில் சொல்ல வேண்டிய பாட்டுகளும். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ. அதன் கீழே 'அடி அண்ணாமலை பச்சையம்மாள் நினைவாக' என்று இருக்கும். அதற்கும் கீழே தோற்றம், மறைவு. அந்தப் போட்டோவோடு மூன்று நாள் வேலை செய்திருக்கிறேன். திரையில் ஒரு முகம் பானை அளவுக்குப் பெரிதாகத் தெரியும். தூசு, மைத்துளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பாதி மடிந்த காது மடல். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

எதிரே அதே தழும்பு. அதே காது. மேல் உதட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பெரிய மரு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இருந்த கரும்புள்ளியை மைத்துளி என்று நினைத்து அழித்தது நான்தான்.

"என்னம்மா அப்படிப் பாக்கற? மூஞ்சில எதனா ஒட்டினு இருக்குதா?"

"இல்லைங்க" என்றேன்.

அக்கா தங்கையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆட்டோ நின்றது. "பச்சையம்மாக்கா, தேரடி வந்துடுச்சி, எறங்கு" என்றார் டிரைவர். அந்த அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வெயிலில் நடந்து, கோபுரத்து நிழலுக்குள் போனாள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். நினைவு வந்தபோது ஆட்டோ அடுத்த தெருவைத் தாண்டியிருந்தது.

ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி கெட்டியாக வைக்கிறார்கள். எங்கள் ஊர்த் தேங்காய்ச் சட்னி மாதிரி ஓடாது. நன்றாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை.

தணிகாசலத்தின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னால் பஞ்சாங்கம், சாமி படம். பின்னால் ஒரு நீளமான அறை. மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் பாப்பாவா? வா, உக்காரு."

"நான் எம்.ஏ. படிச்சிருக்கேன் சார்."

"அப்படியா? சரிங்க எம்.ஏ. அம்மா, உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா, இல்ல அதுவும் உங்க கம்ப்யூட்டர்லயே வருமா?"

நான் சிரிக்கவில்லை. பச்சையம்மாள் என்பவரை ஆட்டோவில் பார்த்ததாகச் சொன்னேன்.

"பாத்திருப்ப. மூணு பௌர்ணமியா முட்டி வலின்னு பொலம்புது. அதுக்கென்ன?"

பையிலிருந்து முதல் பக்கத்தின் பிரின்ட் அவுட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு எழுந்து, "உள்ள வா" என்றார். கிண்டல் குரல் போய்விட்டது.

நீள அறையின் இரண்டு பக்கமும் அலமாரி. அதில் இருந்தது எல்லாம் ஒரே புத்தகம். நான் ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்தில் மீசை வைத்த ஒரு பெரியவர். அடுத்ததில் ஒரு கல்யாணப் பெண். அடுத்ததில் போலீஸ் தொப்பியோடு ஒருவர். அடுத்ததில் பல் முளைக்காத குழந்தை. பாட்டு ஒன்றுதான், வழி ஒன்றுதான். முகம் மட்டும் மாறிக்கொண்டே போனது.

"யாரனா செத்தாதான் என் புஸ்தகம் அச்சாகும்" என்றார். "காரியத்தன்னிக்கு வர்றவங்களுக்குக் குடுக்க ஆயிரம் பிரதி வாங்கிப்பாங்க. அதுல ஒண்ண நான் இங்க வச்சிப்பேன். மூஞ்சி இல்லாத பிரதி ஒண்ணுகூட நான் போட்டதில்ல."

மேலே பரணைக் காட்டினார். மஞ்சள் நூல் கட்டிய கட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன.

"அதெல்லாம் உசுரோட இருக்கறவங்க. பிள்ள குட்டி இல்லாதவங்க, எடுத்துச் செய்ய ஆள் இல்லாதவங்க. அவங்களே வந்து போட்டோ குடுத்து ஏற்பாடு பண்ணிட்டுப் போயிடுவாங்க. மறைவுன்னு போட்டு எடம் காலியா வுட்டு அடிச்சி வச்சிடுவேன். நாள் வந்தா ரப்பர் ஸ்டாம்புல தேதிய குத்தி நானே ஊருக்குக் குடுத்துடுவேன். அதுவரைக்கும் கட்டப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா ஆகாதுன்னு சொல்லுவாங்க."

"பிறகு அது எப்படி எங்களுக்கு வந்தது?"

"'சுத்தமான பிரதி ஒன்று அனுப்பவும்'னு எழுதியிருந்தீங்க. அலமாரில இருக்கறதெல்லாம் பூச்சி அரிச்சிது. சுத்தமா இருந்தது பரண்லதான். ஒண்ணுதானேன்னு கட்டுலேர்ந்து உருவிட்டேன். புத்தி பாரு." அவர் பேப்பரில் விரலை வைத்தார். "ஆனா தேதி நான் அடிக்கல. இத யாரு போட்டது?"

அந்த அறையில் அத்தனை முகங்களுக்கு நடுவில் பொய் சொல்ல வரவில்லை. நான்தான் என்றேன். காலி இடம் இருந்தால் என் பக்கம் சிவந்துவிடும். அன்று மேசைக் காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தேன், இணையத்தில் விற்பனை தொடங்க வேண்டிய நாள். எதையாவது போட வேண்டும் என்று அதைப் போட்டேன். பக்கம் சிவக்கவில்லை. போன மாதம் சி.டி. கடல் தாண்டிப் போனது. இன்னும் வராத தேதியில் ஒருவர் இறந்திருக்கிறார் என்று அங்கேயும் யாரும் கவனிக்கவில்லை.

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நாளன்னிக்கு. பௌர்ணமி."

நான் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"மூடநம்பிக்கை சார்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான். நாளைக்குப் போய் அத அந்தம்மாகிட்டயே சொல்லிட்டு வா. கையெழுத்தெல்லாம் அப்புறம்."

அடுத்த நாள் காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். டவுன் பஸ் வரவில்லை. மலையைச் சுற்றும் பாதையில் நடந்தேன். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். பாறைச் சூடு காலை எட்டு மணிக்கே முகத்தில் அடித்தது. அங்கேயும் மலை வேறு உருவத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது.

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து தகர வில்லைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். மலை சுற்ற வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார்கள். அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். செருப்பை வாங்கிக்கொண்டு வில்லை கொடுப்பாள்.

"நேத்து ஆட்டோல மொறைச்ச பொண்ணுதான நீ? தண்ணி குடி. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

அவள் கொடுத்த கூழையும் மோர் மிளகாயையும் தொடாமல் ஓரமாக வைத்தேன். பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அது முதலில் ஒரு தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. என் அம்மாவிடம் இப்படித்தான் எத்தனை பேர் பேப்பரை நீட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். தேதியையும் படித்தேன். அது நான் போட்டது என்றும் சொன்னேன்.

அவள் பேப்பரைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"என் மரு எங்க?"

"அழிச்சிட்டேங்க. அழுக்குன்னு நினைச்சி."

"அடிப்பாவி" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தேதி என்னிக்குன்னு சொன்ன?"

"நாளைக்கு."

"பௌர்ணமி." வில்லை ஒன்றை எடுத்துத் திரும்பத் தேய்த்தாள். "நல்ல நாளாத்தான் பாத்துப் போட்டிருக்க."

"அது சும்மா போட்டதுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆகும்னு நான் சொன்னனா?"

அதன் பிறகு அவள் என்னைக் கவனிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துவந்து பக்கத்து வீட்டில் கொடுத்தாள். "ஒன்னுதுதான், வாங்கி ரொம்ப நாளாச்சி." முறத்தை இன்னொரு வீட்டில் கொடுத்தாள். கொடியில் கிடந்த துணியை மடித்தாள். அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினாள். ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் செய்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால்தான் இந்த வீடு காலியாகிறது என்று தோன்றியது.

கிளம்பும்போது கேட்டேன். எதற்காக இதையெல்லாம் அச்சடித்து வைத்தீர்கள்?

"முப்பது வருசமா நான் பாக்கறது வர்றவங்க காலத்தான். அவங்க பாக்கறது செருப்பத்தான். எந்தக் கால் எந்த ஊருன்னுகூடச் சொல்லுவேன். ஆனா என்ன ரோட்ல பாத்தா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. செத்தப்புறமாவது ஆயிரம் பேரு மூஞ்சியப் பாக்கட்டும்னுதான்."

அன்று லாட்ஜில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்ல மேனேஜரைக் கூப்பிட்டிருந்தேன். "கையெழுத்து ஆச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

பௌர்ணமியன்று காலை முதலே ஊர் நிரம்பிக்கொண்டிருந்தது. நான் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். தணிகாசலமும் சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"எம்.ஏ. அம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க மின்புத்தகம் எத்தன வருஷம் இருக்கும்?"

"அழியவே அழியாது சார். நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்."

"அதான் எனக்கு பயம். என் புஸ்தகம் மட்டமான தாளு, பத்து வருஷத்துல மக்கிடும். அதுக்குள்ள அழுவறவங்க அழுது முடிச்சிடுவாங்க. உன்னுது மக்காதுன்னா எப்பத்தான் முடிப்பாங்க?"

"உங்களுக்கு வியாபாரம் குறைஞ்சிடும்னு பயப்படறீங்க சார்."

"அது ஃபிளெக்ஸ் பேனர் வந்தப்பவே கம்மியாயிடுச்சி. இப்பல்லாம் செத்தா முச்சந்தில ஆளவிடப் பெருசா பேனர் வைக்கறாங்க. மூணாம் நாளு அத ஆட்டுக்கொட்டாய் மேல போத்தறாங்க. இதுல நீ வேற." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நீ என்னத்த வேணா வித்துக்கோ. காரியத்துக்கு வந்தவன் கைல என்னத்தக் குடுப்ப? அத மட்டும் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எம்.ஏ.வில் அந்தக் கேள்வி வரவில்லை.

அப்போதுதான் பச்சையம்மாள் வந்தாள். தலைக்குக் குளித்து, மடிப்பு கலையாத புதுப் புடவை கட்டியிருந்தாள். போட்டோவில் இருக்கும் அதே மாதிரி தலையை வாரியிருந்தாள். வாசல் வெளிச்சத்தில் அவள் நின்றபோது எனக்கு ஒரு கணம் அது திரையில் பார்த்த முகம் மாதிரியே இருந்தது.

"என் கட்ட எறக்குங்க."

"எதுக்கு?" என்றார் தணிகாசலம்.

"நீங்கதான் பிரிச்சிட்டீங்களே. இந்தப் பொண்ணு தேதியும் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிடுச்சி. இன்னும் எதுக்குப் பரண்ல? நானே குடுத்துடறேன்."

அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டை இறக்கினார். மஞ்சள் நூல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மேசை டிராயரைத் திறந்து தேதி ஸ்டாம்பை எடுத்தார். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டார்.

"நான் குத்த மாட்டேன்" என்றார்.

"வேணாம். வாங்கறவங்க எப்பக் கேள்விப்படறாங்களோ அப்ப அவங்களே எழுதிக்கட்டும்."

கட்டை நானும் ஒரு பக்கம் பிடித்துக் கோபுரத்துக்கு அருகில் அவள் இடத்துக்குத் தூக்கிப் போனோம். மத்தியான வெயில் தணிந்ததும் கூட்டம் வரத் தொடங்கியது. செருப்பை வாங்கினாள், தகர வில்லையைக் கொடுத்தாள், அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்தாள். பலர் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஒரு பெண் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து எதிரே பார்த்தாள். மறுபடியும் பக்கத்தைப் பார்த்தாள்.

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தான்."

அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். பிறகு என்ன தோன்றியதோ, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் திறந்தார்கள். ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் கூட்டத்தின் சத்தம் குறைந்துவிட்டது. பத்து, இருபது பேர் கையில் ஒரு முகம், எதிரே அதே முகம். யாரும் செருப்பைப் பார்க்கவில்லை. பச்சையம்மாள் ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்தாள், கண்ணை இமைக்காமல்.

தணிகாசலம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த சம்மதப் படிவத்தை வாங்கினார். கோபுரத்துச் சுவரில் வைத்து, கடைசியில் ஒரு வரி எழுதினார்: 'முதல் பக்கத்தில் இந்த அம்மாவின் படமும் காலி இடமும் இருக்க வேண்டும். இரண்டையும் தொடக் கூடாது.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. ஆனா தேதி போட்டது நீதான்னு ஒத்துக்கிட்ட. அதுக்காக."

மாலை பஸ்ஸில் எனக்கு இடம் இருந்தது. போகும்போது பச்சையம்மாளிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவளைச் சுற்றி அவ்வளவு கூட்டம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட தேதி முடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. ஜன்னலில் மலை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது. இந்த முறை நான்தான் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ஆபீசில் யாரும் வருவதற்கு முன்னால் கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார்.

"யாரு, எம்.ஏ.வா?"

"சார், அவங்க..."

"காலைலேர்ந்து இங்கதான் உக்காந்துனு உயிர வாங்குது. எல்லாம் தீந்துடுச்சாம், இன்னும் ஆயிரம் போடணுமாம். நீ மருவ அழிச்சத வேற ஊரெல்லாம் சொல்லினு இருக்குது."

பின்னால் அந்தக் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தேன்.

மேனேஜர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கடைசி வரிக்கு முகம் சுளித்தார். பிறகு என் வேலையை நிரந்தரம் செய்தார். வெளிநாடு போன சி.டி.க்களைத் திரும்பப் பெற வழியில்லை என்றார். எங்கேயோ சில வீடுகளில், மரு இல்லாத ஒரு முகம் அந்தப் பௌர்ணமியன்று இறந்தபடியே இருக்கிறது.

நான் என் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மருவைத் திரும்பக் கொண்டுவந்தேன். தேதியை அழித்தேன். சோதனை புரோகிராமை ஓட்டினேன். பக்கம் முழுக்கச் சிவந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. அதில் எழுதினேன்:

'உயிரோடு இருக்கிறார்.'